இரண்டாவது வண்டி

பல வருடம் ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி, ஓட்டிப் பழகியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். முன்பணம் கட்டிவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மூன்று தரப்புக்கும் பொதுவான ஒரு கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதன்முறையாக இப்படியொரு வண்டி வாங்குகிறவர், அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் கூட்டத்தில் சேர வேண்டுமா? சேர்ந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமைப் பொழுது இனிமையாகப் போகும், நாலு பேர் பழக்கமாவார்கள் என்பதெல்லாம் உண்மைதான். அவை என் காரணங்கள் அல்ல. தார்ச்சாலையை விட்டு இறங்கிய பிறகு ஒற்றை வண்டி என்பது பாதி வண்டிதான். மீதிப் பாதி, கூட வரும் இரண்டாவது வண்டியிலும் அதை ஓட்டுபவரின் அனுபவத்திலும் இருக்கிறது. இதைச் சான்றுகளோடு சொல்கிறேன். இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை; அவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனத்தின் கையால் இந்தியாவில் பொருத்தப்படத் தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஜீப் யாரிடம் இருந்தது? ராணுவத்திடம் இருந்தது. வனத்துறையிடம் இருந்தது. போலீஸிடம் இருந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களில் இருந்தது. அங்கெல்லாம் ஜீப்போடு ஒரு ஜீப் டிரைவரும் இருந்தார். அவர் தனக்கு மூத்த டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது, எந்தச் சரிவில் எந்த கியரில் இறங்குவது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். அந்த மரபு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் வேண்டுமா? கொழுக்குமலையைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்த மலைக்கு, கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் ஜீப் போகிறது. பாதை என்று சொல்ல முடியாத அந்தக் கல்லிலும் பள்ளத்திலும், விடியும் முன் இருட்டில், சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு உள்ளூர் டிரைவர்கள் ஏறுகிறார்கள். பெரும்பாலும் பழைய ஜீப்புகள். மின்னணு உதவி எதுவும் இல்லாத ஜீப்புகள். அவற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது, கையிலிருந்து கைக்கு வந்த அறிவு.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 1985-இல் ஜிப்ஸி என்ற ஃபோர் பை ஃபோர் வண்டி வந்தது. 2010-இல் மஹிந்திராவின் தார் என்ற வண்டி வந்தது. 2020-இல் அதன் புதிய வடிவம், 2023-இல் ஜிம்னி, 2024-இல் ஐந்து கதவுகளோடு தார் ராக்ஸ். ராக்ஸுக்கு முன்பதிவு திறந்த முதல் 60 நிமிடத்தில் 1,76,218 பேர் பதிவு செய்ததாக மஹிந்திரா நிறுவனமே அறிவித்தது. ஒரு மணி நேரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர்! இவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்த்திவைத்துக் கற்றுக்கொடுக்க ஒரு மூத்த டிரைவர் கிடைப்பார்? வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வண்டியோடு கூடவே வந்துகொண்டிருந்த மனிதர் வரவில்லை. அறுந்துபோன அந்தச் சங்கிலியைத்தான் இன்று உரிமையாளர்களின் கூட்டங்கள் மறுபடி கோக்கின்றன. கற்றுத் தரும் இடமாக அவற்றைப் பார்த்தால்தான் அவற்றின் பெருமையும் விளங்கும், குறையும் விளங்கும்.

"வண்டியோடு வரும் விளக்கக் குறிப்பேட்டில் எல்லாம் போட்டிருக்கிறதே, வாசித்துக்கொள்ள மாட்டோமா?" என்று கேட்கலாம். ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். 650 மில்லிமீட்டர். தார் இவ்வளவு ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்லும் அளவு இது. முதன்முறை வாங்கியவர் இதை எப்படி வாசிப்பார்? இரண்டடிக்குச் சற்று மேல். அப்படியானால் முட்டிக்கு மேல் தண்ணீர் ஓடும் ஆற்றில் என் வண்டி தாராளமாகப் போகும் என்று வாசிப்பார். இப்போது இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போய்விடும், இரண்டடி இருந்தால் எஸ்.யூ.வி.க்களையும் சிறிய லாரிகளையும்கூடப் புரட்டிக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. இரண்டடி என்பது சுமார் 610 மில்லிமீட்டர். நிறுவனம் சொல்லும் 650-க்கும் கீழே! யார் சொல்வது பொய்? யாரும் பொய் சொல்லவில்லை. நிறுவனத்தின் எண், தண்ணீர் எவ்வளவு உயரம் வரை வண்டியைக் கெடுக்காது என்பதைச் சொல்கிறது. தண்ணீர் எந்த வேகத்தில் வண்டியைத் தள்ளும் என்பதை அது சொல்லவில்லை. அடியில் மணலா, பாசி பிடித்த பாறையா, நேற்றைய மழை தோண்டிய குழியா என்பதையும் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற நம் பழமொழி ஆழத்தோடு நிற்கிறது. ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனுபவம் உள்ள கூட்டத்தில் என்ன செய்வார்கள்? வண்டியை நிறுத்துவார்கள். ஒருவர் கையில் கம்போடு இறங்கி நடந்து பார்ப்பார். நடக்க முடியாத தண்ணீரில் ஓட்டவும் முடியாது என்று திரும்பிவிடுவார்கள். இந்த ஒரு பழக்கம் எந்தக் குறிப்பேட்டையும்விட அதிக உயிர்களைக் காக்கும். என்ஜின் ஒருமுறை தண்ணீரை உறிஞ்சிவிட்டால் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடக்கூடும். சாதாரண காப்பீட்டில் அந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது, என்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வாங்கும் அன்றே இதை உங்களுக்குச் சொல்லப்போவது யார்?

தண்ணீர் ஒன்றுதானா? மேட்டில் ஏறும்போது பாதியில் என்ஜின் நின்றுவிடுகிறது. புதியவரின் கை என்ன செய்யும்? ஸ்டியரிங்கைத் திருப்பி, பக்கவாட்டில் வளைத்து இறங்கப் பார்க்கும். வண்டி உருளுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பிரேக்கை அழுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். மணலில் சக்கரம் சுழல்கிறது. புதியவரின் கால் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தும். சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டும், டயர் காற்றைக் குறைக்க வேண்டும். முப்பது பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்த காற்றழுத்தத்தைப் பதினெட்டுக்குப் பக்கத்தில் இறக்கினாலே டயர் தரையில் நீளமாகப் படிந்து, பல சமயம் வண்டி தானாக எழுந்து வந்துவிடும். இன்னொன்று: நம் ஊரில் விற்கும் இந்த வண்டிகள் பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொள்ளும் வகை. அதைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைவுகளில் ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி இழுவையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாழாகும். இவை எல்லாம் எளிய விஷயங்கள். ஆனால் தெரியாதவருக்கு, இவற்றைத் தெரியாது என்பதே தெரியாது. அதனால்தான் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது, கேட்காமலே சொல்லும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது இளைஞர்கள் சொல்லும் அடுத்த பதில். கொஞ்சம் கற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் புதைந்த வண்டியைப் படம் வெளியே இழுக்காது. இழுக்க இரண்டாவது வண்டி வேண்டும், அல்லது வின்ச் என்ற கம்பிவட இழுவைக் கருவியும் அதைக் கட்ட ஒரு மரமும், கட்டத் தெரிந்த கையும் வேண்டும். இந்த இழுக்கும் வேலையில்தான் சாலையை விட்டு இறங்கி ஓட்டும் ஆஃப்ரோடு ஓட்டத்தின் மிகப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. புதைந்த வண்டியை எடுக்க ரப்பர் போல நீண்டு சுருங்கும் ஒரு பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு டன் எடையை வெளியே பிடுங்கும் விசை அதில் சேர்ந்து நிற்கிறது. அதன் ஒரு முனையை, டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் குண்டு அந்த விசைக்காகச் செய்யப்பட்டது அல்ல. அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறந்து எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை வாசகம் அச்சிடாமல் அந்தப் பட்டையை விற்கவே கூடாது என்று அங்கே அரசு விதி செய்திருக்கிறது. நல்ல கூட்டத்தில் இழுப்பதற்கு முன் ஒருவர் சத்தமாகக் கட்டளையிடுவார். பார்க்க நின்றவர்களைப் பட்டையின் நீளத்துக்கும் அப்பால் விலக்குவார். அறுந்தால் தாழ விழட்டும் என்று பட்டையின் மேல் கனமான துணியைப் போடுவார். எங்கே மாட்டுவது என்று தானே குனிந்து பார்ப்பார். இந்த ஒழுங்கு பத்துப் பேர் திரும்பத் திரும்பச் செய்து பழக்கமாக்கியது. தனியாகப் போய் மாட்டிக்கொண்டு, வழியில் வந்த டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, கிடைத்த கயிற்றால் கட்டி இழுக்கும்போது இந்த ஒழுங்கு எங்கிருந்து வரும்?

இதுவரை சொன்னது உங்கள் உயிரையும் வண்டியையும் பற்றியது. இனிச் சொல்லப்போவது பாதைகளில் ஓட்டும் உரிமையைப் பற்றியது; என்னைக் கேட்டால் இதுவே பெரிய காரணம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்றொரு பாதை இருக்கிறது. தாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் கரடுமுரடான தடம், சுமார் 35 கிலோமீட்டர். 1953-இல் ஜார்ஜ்டவுன் ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்த ஒரு கூட்டம் ஜீப்புகளில் அதைக் கடந்தது. இன்றுவரை ஆண்டுதோறும் அந்தப் பயணம் நடக்கிறது. கூட்டம் பெருகியது. பெருகப் பெருக என்ன ஆயிற்று? தடத்தின் மண் அரித்து ஓடைகளில் இறங்கியது. பாறையில் அடிபட்ட வண்டிகளின் ஆயில் கசிந்தது. மனிதக் கழிவு சேர்ந்தது. 2009-இல் அந்த வட்டாரத்தின் நீர்த் தர வாரியம், இதைச் சுத்தம் செய்யுங்கள் என்று எல் டொராடோ கவுண்டி நிர்வாகத்துக்கும் அமெரிக்க வனச் சேவைக்கும் ஆணையிட்டது. பாதையையே மூடிவிட வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ரூபிகான் மூடப்படாமல் இருக்கக் காரணம் யார்? தனித்தனி உரிமையாளர்கள் அல்லர். அமைப்பாகச் சேர்ந்திருந்த தன்னார்வலர்கள் கவுண்டியோடு நின்று வடிகால் வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள், ஆயில் சிந்தினால் உறிஞ்சும் பையையும் கழிவுப் பையையும் ஒவ்வொரு வண்டியிலும் வைக்கப் பழக்கினார்கள். ஒருவர் செய்த சேதத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் எல்லோருக்கும் உரிய உரிமை மிஞ்சியது. அதே நாட்டில் 1985-இல் வனச் சேவை தொடங்கிய டிரெட் லைட்லி என்ற பொறுப்பான ஓட்டத்துக்கான இயக்கம், பின்னால் தனி அமைப்பாக வளர்ந்து நிற்கிறது.

இனி எதிர்ப்பாளர்களுக்கு வருகிறேன். "நீங்கள் சொல்வது அமெரிக்காவில் சரி, நம் ஊரில் கூட்டம் சேர்ந்தாலே கூத்துதான்" என்கிறார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதியில் சந்திரா ஆற்றுக்குள்ளேயே ஒருவர் வண்டியை ஓட்டினார். போலீஸ் அபராதம் போட்டது. 2024 ஜூனில் குஜராத்தின் முந்த்ரா கடற்கரையில் இரண்டு வண்டிகளைக் கடலில் இறக்கிச் சிக்கவைத்தார்கள், வழக்குப் பதிவானது. ஆனால் இந்த இரண்டிலும் குறையாக இருந்தது எது? ஆளா, ஒழுங்கா? வேண்டாம் என்று சொல்ல மூத்தவர் ஒருவர் அங்கே இருந்து, அவர் சொல் எடுபட்டிருந்தால் வண்டி தண்ணீரில் இறங்கியிருக்குமா? கூட்டம் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதையும் நான் மறைக்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ, குழுவாக மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அனுமதியைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. வண்டிக் கூட்டங்கள் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய பாடம் அது. ஆகவே எந்தக் கூட்டத்திலாவது சேருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அனுமதி யார் வாங்கினார், இடம் யாருடையது, பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா என்று கேளுங்கள். கடைசியாக எப்போது பாதி வழியில் திரும்பி வந்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குச் சிரித்துக்கொண்டே "நாங்கள் திரும்பியதே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் கூட்டத்தை விட்டு நீங்கள் திரும்பி வந்துவிடுங்கள்.

காசு பிடுங்கும் இடம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. சேர்ந்த மறுநாளே பெரிய டயர் போடு, இரும்பு பம்பர் போடு, கூரையில் விளக்கு போடு என்பார்களாம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழுத்த அனுபவசாலிகள் சொல்வது நேர்மாறு: முதல் ஓராண்டு வண்டியை வாங்கியபடியே ஓட்டு, எது போதவில்லை என்று தரையே சொல்லும். சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நிறுவனம் செய்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் செலவு வண்டியின் எடையைத் தாங்கும் தரமான இழுவைப் பட்டைக்கும், காற்று நிரப்பும் கம்ப்ரஸருக்கும் போகட்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு இயற்கையை நேசிப்பவர்களுடையது. ஓட்டவே கூடாது, ஓட்டுவதற்குக் கூட்டம் எதற்கு என்கிறார்கள். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல மாட்டேன். ஓட்டக் கூடாத இடங்கள் இருக்கின்றன. அங்கே ஓட்டவே கூடாது. திருச்செந்தூர் வட்டாரத்தின் சிவப்பு மணல் தேரியைப் பார்த்தால் எந்த ஓட்டுநருக்கும் கை துறுதுறுக்கும். அதில் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. சென்னைக் கரையோரம் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலுக்குள் முட்டையிடுகின்றன. மேலே போகும் ஒரு டயர் ஒரு குழி முட்டையை நசுக்கிவிடும். நீலகிரியின் புல்வெளிகள் ஒருமுறை கீறப்பட்டால் ஆற வருடங்கள் ஆகும். இவற்றை மதிக்காத ஓட்டத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் கேளுங்கள்: லட்சக்கணக்கில் வண்டிகள் விற்றாகிவிட்டன. அவை வீட்டில் நிற்கப்போவதில்லை. எங்கே கூடாது என்று தெரியாமல் தனித்தனியாக இறங்கும் ஆயிரம் வண்டிகள் நல்லதா, வாடகைக்கு எடுத்த தனியார் நிலத்திலும் கைவிட்ட கல்குவாரியிலும் உரிமையாளரின் சம்மதத்தோடு பழகி, போகக் கூடாத இடத்தைச் சொல்லிக் கொடுத்து, தவறியவரை விலக்கியும் வைக்கும் கூட்டம் நல்லதா? இந்தத் திறமையால் சமூகத்துக்குப் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு மூடியபோது, சாதாரண வண்டி நுழைய முடியாத சேற்றில் ஆட்களையும் பொருள்களையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஜீப் ஓட்டுநர்களுக்கும் ஆஃப்ரோடு ஓட்டுபவர்களுக்கும் பங்குண்டு. அன்று சேற்றை வாசிக்கத் தெரிந்த கைகள் முன்பே எங்கோ பழகிய கைகள்.

மூத்தவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதன்முறை வருகிறவரின் வண்டி புதிது, கேள்விகள் சின்னவை. பின் சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டியை வாங்கிவிட்டு, இதில் மலையேறலாமா என்று கேட்பார். சிரிக்காதீர்கள். பெண் ஒருவர் சாவியோடு வந்தால் கூட வந்த ஆணிடம் பேசாதீர்கள், அவரிடம் பேசுங்கள். வரிசையாகப் போகும்போது உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நில்லுங்கள்.

வாங்கப்போகிறவர்களே, முன்பணம் கட்டும் முன்பே உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல கூட்டத்தைத் தேடிப் போங்கள். ஓட்டத்துக்குக் கூட வர அனுமதி கேளுங்கள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். உங்களுக்கு உண்மையில் நான்கு சக்கர இழுவை வேண்டுமா, தோற்றம் மட்டும் போதுமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். வேண்டும் என்று தெரிந்தால் வாங்குங்கள், உறுப்பினராகுங்கள், முதல் ஓட்டத்தில் வரிசையின் நடுவில் வண்டியை விடுங்கள். இரண்டாவது வண்டி இல்லாமல் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.